பாயார் தீவின் பவளப்பாறைகள்: சட்டம் காப்பதும் காவாததும்

பவளம் என்றவுடன் நம்மில் பலருக்கு நகைக்கடையும் சோதிடரும்தான் நினைவுக்கு வருவர். நவமணிகளுள் ஒன்று, செவ்வாய்க்கு உரியது, எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்குப் பெயர் தருவது. கூத்தும் நாடகமும் தந்த ‘பவளக்கொடி’ என்ற பெயரைப் பார்த்தால் அதைச் செடிகொடிகளோடு சேர்த்து எண்ணிய காலமும் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இக்கட்டுரை பேசும் பவளம் கல்லும் அன்று, கொடியும் அன்று. அது ஒரு விலங்கு.

மோதிரத்தில் பதிக்கப்படும் செம்பவளத்துக்கும் லங்காவிக்குச் சென்றவர்கள் நீரில் குனிந்து பார்க்கும் பவளத்துக்கும் தூரத்து உறவுதான். செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் ஒளி குறைந்த ஆழத்தில் வளர்வது. அதன் வாயைச் சுற்றி எட்டு உணர்கொம்புகள் இருக்கும். அது பாறை கட்டாது. பாறை கட்டும் கடும்பவளங்களுக்கு உணர்கொம்புகள் ஆறு அல்லது ஆறின் மடங்குகளில் அமையும். இவ்விரண்டாம் வகையின் படைப்பைத்தான் நாம் பவளப்பாறை என்கிறோம். இலங்கைத் தமிழர் இதனை முருகைக்கல் என்பர். எனக்கு இந்தச் சொல்லே பிடித்திருக்கிறது. நகைக்கடைக் குழப்பம் அதில் இல்லை. ஆயினும் நம் நாட்டில் பழகிவிட்ட சொல்லை விட்டு விலக வேண்டாம் என்பதால் பவளப்பாறை என்றே எழுதுகிறேன்.

தேசிய மொழியில் இது ‘தெரும்பு காராங்’. இடைநிலைப்பள்ளியில் மலாய்க் கட்டுரைகள் எழுதிச் சலித்த நமக்கு ‘காராங்கான்’ என்ற சொல் மறக்காது. ‘காராங்’ என்றால் பவளம். அதே ஒலியுடைய இன்னொரு சொல்லுக்குத் தொகுத்தல், இயற்றல் என்று பொருள். இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பது மொழியியலார் பார்க்க வேண்டியது. ஆனால் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டப்படுவது என்ற வகையில் இரண்டும் பொருந்தத்தான் செய்கின்றன.

கட்டுவது யார்?

பிரான்சின் மார்செய் நகரைச் சேர்ந்த பெய்சொனெல் என்ற மருத்துவர் 1720களில் பவளத்தைக் கடல்நீரில் வைத்துக் கூர்ந்து பார்த்தார். அதுவரை அறிஞர்கள் பூ என்று எண்ணியிருந்தவை தொட்டால் சுருங்கும் சிறு உயிர்கள் என்று எழுதினார். பாரிசு அறிவியல் கழகம் அதை ஏற்கவில்லை. ஏறக்குறைய ஒரு தலைமுறை கழித்தே அவர் கூறியது சரியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

இந்தச் சிறு உயிரின் பெயர் பாலிப். ஒரு முனையில் வாயும் அதைச் சுற்றி உணர்கொம்புகளும் கொண்ட குழல் போன்ற உடல் அதற்கு. பல இனங்களில் அதன் அகலம் சில மில்லிமீட்டர்தான். கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன் அடியில் கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டிக்கொள்கிறது. பிறகு தன்னைத்தானே பிரித்துப் பெருகுகிறது. பழைய கூட்டின்மேல் புதிய கூடு எழுகிறது. மேலே உயிருள்ள மெல்லிய தோல், கீழே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சுண்ணாம்பு, இதுவே பவளப்பாறை.

இதற்கு வேண்டிய ஆற்றலைப் பாலிப் தனியாகத் தேடிக்கொள்வதில்லை. அதன் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்து அதன் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. சில இனங்களில் பவளத்தின் தேவையில் 90 விழுக்காடு வரை இப்படி வருகிறது. வாடகை சற்று அதிகம்தான். ஆனால் குடியிருப்போருக்குப் பாதுகாப்பான இடமும் வீட்டுக்காரரின் கழிவிலிருந்து உரமும் கிடைக்கின்றன. பவளத்தின் நிறத்துக்கும் இப்பாசிகளே பெருமளவு காரணம். பவளப்பாறை ஆழம் குறைந்த, ஒளி புகும் நீரை நாடுவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். கலங்கிய நீர் பவளத்தைப் பட்டினி போடுகிறது.

வளர்ச்சி வேகம் இனத்துக்கு இனம் வேறுபடும். மான்கொம்பு போல் கிளைக்கும் அக்ரோபோரா ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் அளவுக்கு நீளக்கூடும். பெரும்பாறை போல் உருண்டு கிடக்கும் போரைட்டிசு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மேசை உயரமுள்ள போரைட்டிசு நம் பாட்டனார் பிறப்பதற்கு முன்பே அங்கு இருந்திருக்கலாம். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாயார் ஏன்?

மலேசியப் பவளம் என்றால் சிப்பாடான், ரெடாங், தியோமான் என்றே பேசுகிறோம். அவையெல்லாம் தென்சீனக் கடலையோ செலிபிசுக் கடலையோ சேர்ந்தவை. அங்கு நீர் தெளிவானது. மலாக்கா நீரிணை அப்படியன்று. ஆழம் குறைந்தது, இரு கரைகளின் ஆறுகளும் சேற்றைக் கொண்டுவந்து கொட்டுவது, உலகின் மிகப் பரபரப்பான கப்பல் பாதைகளுள் ஒன்று. அந்தக் கலங்கல் நீரிணையின் வடக்குப் பகுதியில், லங்காவிக்குத் தெற்கே 30 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் நான்கு சிறு தீவுகள் இருக்கின்றன. பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் என்பன அவற்றின் பெயர்கள். பெரியதான பாயாரே 2 கிலோமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பவளம் செழித்திருக்கும் இடங்களுள் இதுவே முதன்மையானது. கெடாவில் பிறந்தவன் என்பதால் மட்டும் நான் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. எளிதான இடத்தில் வாழும் பவளத்தைவிடக் கடினமான இடத்தில் வாழும் பவளமே பாதுகாப்பு என்ற சொல்லின் பொருளை நமக்கு நன்றாகக் காட்டும்.

படகை விட்டு இறங்கியவுடன் முதலில் கண்ணில் படுவது கருநுனிச் சுறாக் குட்டிகள். முழங்காலளவு நீரில், முதுகுத் துடுப்பின் கறுத்த நுனி மேலே தெரிய, கரையோரமாகச் சுற்றிவரும். அலறுபவர்கள் அலறட்டும், அவை மனிதனைத் தேடி வரவில்லை. பெரிய சுறாக்கள் எட்டாத ஆழமற்ற நீர் அவற்றுக்குத் தொட்டில். இச்சுறா முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஓர் ஈற்றில் இரண்டு முதல் ஐந்து குட்டிகள்தாம். ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீன்களைப் பிடிப்பது போல் இதைப் பிடித்தால் இனம் மீள நெடுங்காலம் ஆகும் என்பதற்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

சற்று ஆழத்துக்குப் போனால் கிளிமீன்கள். அலகு போன்ற பற்களால் அவை பாறையைச் சுரண்டும் ஒலி நீருக்குள் தெளிவாகக் கேட்கும். அவை தேடுவது பெரும்பாலும் பாறைமேல் படர்ந்த பாசியை. கூடவே விழுங்கிய சுண்ணாம்பு அரைபட்டு வெண்மணலாக வெளியேறுகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும் என்பர். நாம் படுத்து வெயில் காயும் கடற்கரையில் ஒரு பங்கு மீனின் குடல் வழியே வந்தது. இதைச் சொன்னதும் எங்கள் குழுவில் ஒரு தோழி துண்டை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்!

கோமாளி மீனையும் கடற்சாமந்தியையும் திரைப்படம் பிரபலப்படுத்திவிட்டது. படம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரு கடற்சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை வளராத சிறியவை. பெண் இறந்தால் அந்த ஆண் பெண்ணாக மாறிவிடும். சந்தையில் கெராப்பு என்று வாங்கும் களவாய் மீனில் இது தலைகீழ். பெண்ணாகத் தொடங்கி, முதிர்ந்து பெருத்தபின் சில ஆணாகின்றன. பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்தால் அப்பகுதியில் ஆண் மீன்களே அருகிப்போகலாம். மீன்பிடித் தடை என்பது எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கணக்கன்று என்பதற்கு இது ஒரு சான்று.

பாறை இடுக்குகளில் அஞ்சாலை, மணலில் கடலட்டை, மேலே கூட்டமாகச் சீலா மீன்கள். கடலட்டையைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். லங்காவிக்குச் செல்லும் எவரும் ‘காமாட்’ எண்ணெய்ப் புட்டி வாங்காமல் திரும்புவதில்லை. நம் வீடுகளிலும் வெட்டுக்காயத்துக்கு அதுவே மருந்து. காமாட் என்பது ஒருவகைக் கடலட்டை. மணலை விழுங்கி அதிலுள்ள கழிவை உண்டு தூய மணலாக வெளியிடும் துப்புரவுத் தொழிலாளி அது. தீவைக் காண வருபவரே அதன் எண்ணெயையும் வாங்கிச் செல்கிறார்.

சட்டம் வரைந்த கோடு

நம் நாட்டில் இத்தகைய பாதுகாப்பு 1983ஆம் ஆண்டு ரெடாங் தீவைச் சுற்றி மீன்பிடித்தலைத் தடைசெய்ததில் தொடங்கியது. 1985இல் பாயார் உள்ளிட்ட பல தீவுகளுக்கு அது விரிந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட மீன்வளச் சட்டம் கடல்சார் பூங்காக்களை அமைக்கும் அதிகாரத்தை வழங்கியது. 1994ஆம் ஆண்டு ஆணையின்படி பெரும்பாலான தீவுகளில், நீர் வற்றிய நிலையிலுள்ள கரையிலிருந்து 2 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் வரையிலான கடல் பூங்காவாயிற்று. கெடா, திரங்கானு, பகாங், ஜொகூர், லாபுவான் ஆகியவற்றைச் சேர்ந்த 42 தீவுகள் இவ்வமைப்புக்குள் வந்தன. சபாவின் பூங்காக்கள் அம்மாநிலத்தின் தனிச் சட்டத்துக்கு உட்பட்டவை.

கோட்டுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. உயிருள்ளதோ இறந்ததோ, பவளத்தை எடுக்கக் கூடாது. பாறைமேல் நங்கூரம் இறக்கக் கூடாது. இந்த மூன்றாவது விதியைச் சிறியது என்று எண்ண வேண்டாம். ஒரு நங்கூரம் ஒருமுறை இழுபட்டால் பத்தாண்டு வளர்ச்சி ஒரு நிமிடத்தில் போய்விடும். அதற்காகத்தான் படகுகள் கட்டிக்கொள்ள மிதவைகள் போடப்பட்டுள்ளன. இவ்வளவில் சட்டம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே கருதுகிறேன்.

ஆனால் எல்லாரும் அப்படிக் கருதுவதில்லை. திரும்பும் வழியில் படகோட்டியாக வந்த முதியவர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். கோலக்கெடாப் பக்கத்தில் மீனவராக இருந்தவர். “பாச்சிக், இங்கே முன்பு மீன் பிடித்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். என் தந்தை காலத்திலேயே பிடித்தோம் என்றார். பிறகு அவர் சொன்னதன் சாரம் இது: தூண்டில் போட்டவனை வெளியே போகச் சொன்னார்கள், அவன் நாளைக்கு நாலு மீன் எடுத்தான், இப்போது ஒரு நாளில் நூறு பேர் வந்து பாறைமேல் ஏறி நிற்கிறார்கள், அவர்களை யாரும் வெளியே போகச் சொல்வதில்லை.

இதற்கு அறிவியல் சார்ந்த பதில் உண்டு. கோட்டுக்குள் பெருத்த மீன் சிறிய மீனைவிடப் பன்மடங்கு முட்டையிடும். முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் கோட்டைத் தாண்டிச் செல்லும். வளர்ந்த மீனும் இடம் தேடி வெளியேறும். பல நாடுகளில் மீனவர்கள் பாதுகாக்கப்பட்ட பகுதியின் விளிம்பை ஒட்டியே வலை விரிப்பது இதனால்தான். இதை அவரிடம் சொன்னேன். விளிம்பில் இழுவைப் படகும் நிற்கும், தம்பி, என்றார். நான் சொன்ன பதில் அவர் கேள்வியின் ஒரு பாதிக்குத்தான். மற்றப் பாதி நியாயத்தைப் பற்றியது. அதற்கு மீன் முட்டைக் கணக்கு விடையாகாது.

அவர் சொன்னது மிகையன்று. நாங்கள் சென்ற அன்று பாதுகாப்பு மிதவை கட்டியிருந்த ஒருவர் பவளத்தின்மேல் நின்று மூச்சு வாங்கினார். இன்னொரு படகிலிருந்தவர் சுறாக்கள் கூடட்டும் என்று ரொட்டியைப் பிய்த்து வீசினார். ரொட்டி சுறாவின் உணவன்று. அதற்குப் பழகிய மீன் பாசியை மேய்வதை விட்டுப் படகைச் சுற்றுகிறது; மேயாத பாசி பவளத்தை மூடுகிறது. ரொட்டிக்கும் பவளத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்போருக்கு இதுவே தொடர்பு.

கிழக்குக் கரைத் தீவுகளுக்கு இயற்கையே ஓய்வு தருகிறது. நவம்பர் தொடங்கி ஏறத்தாழ பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்வதால் ரெடாங்கிலும் பெர்ஹெந்தியானிலும் விடுதிகள் பெரும்பாலும் மூடப்படும். பாயாருக்கு அந்த விடுமுறை இல்லை. லங்காவிக்கு ஆண்டு முழுவதும் ஆள் வருகிறது. ஆகவே பாயாருக்கும் வருகிறது. கடல் மூடாத இடத்தை மனிதன்தான் சில மாதங்கள் மூட வேண்டும் என்பது என் கருத்து. படகுத் தொழில் செய்வோர் இதை எதிர்ப்பர். அந்த முதியவரின் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது என்பதால் இழப்பீடின்றி மூடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிலம் ஒருவருக்கு, நீர் ஒருவருக்கு

சட்ட மாணவர்கள் இப்பகுதியை என்னைவிட நன்றாக எழுதுவார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கடல் மீன்வளம் கூட்டரசின் பொறுப்பு. நிலம் மாநிலத்தின் பொறுப்பு. எனவே தீவைச் சுற்றிய கடல் ஒரு கையில், தீவு இன்னொரு கையில். மலைச்சரிவை வெட்டி விடுதி கட்ட மாநிலம் அனுமதித்தால், மழையில் இறங்கும் செம்மண் கூட்டரசின் பவளத்தின்மேல் படியும். பாலிப் மண்ணைத் தள்ளிவிட முயன்று களைத்துப்போகும். பாசிக்கு ஒளி கிடைக்காது. ஆமையின் நிலை இன்னும் வேடிக்கை. கூட்டரசுப் பட்டியலில் மீன்வளம் என்னும் இடத்தில் ஆமை விலக்கப்பட்டு மாநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. பூங்காவில் நீந்தும் மீன் ஓர் அரசாங்கத்தின் கணக்கில், அதன் பக்கத்தில் நீந்தும் ஆமை இன்னோர் அரசாங்கத்தின் கணக்கில்!

பாயாரில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே தங்கும் விடுதிகள் இல்லை. காலையில் வந்தவர் மாலையில் திரும்ப வேண்டும். மற்றத் தீவுகளில் கிடைக்காத இந்த நல்வாய்ப்பைக் கெடா மாநிலம் கைவிடாமல் இருக்க வேண்டும்.

கோட்டை மதிக்காத வெப்பம்

இதுவரை சொன்னவை எல்லாம் மனிதர் கூடிப் பேசித் தீர்க்கக்கூடியவை. கடைசியாக வருவது அப்படியன்று. அவ்விடத்தின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிடக் கடல்நீர் 1 டிகிரி செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் அப்படியே நின்றால், பாலிப்புக்கும் பாசிக்கும் இடையிலான ஒப்பந்தம் முறிகிறது. மிகு வெப்பத்தில் பாசி நச்சுத்தன்மையுள்ள பொருள்களை வெளியிட, பாலிப் அதை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெண்மையான சுண்ணாம்பு வெளியே தெரிகிறது. இதுவே பவள வெளிறல். வெளிறிய பவளம் இறந்த பவளமன்று. பட்டினி கிடக்கும் பவளம். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும். பல வாரங்கள் நீடித்தால் பவளம் மடியும். அதன்மேல் பாசி படரும்.

உலகளாவிய முதல் வெளிறல் 1998இல் பதிவாகியது. இரண்டாவது 2010இல், அந்த ஆண்டு நம் நாட்டில் ரெடாங், தியோமான் பகுதிகளில் பல முக்குளிப்பு இடங்கள் சில மாதங்களுக்கு மூடப்பட்டன. மூன்றாவது 2014 முதல் 2017 வரை நீடித்தது. நான்காவது 2023இல் தொடங்கியது. 2024 ஏப்ரலில் அது உறுதிப்படுத்தப்பட்டது. உலகப் பவளப்பாறைகளில் 84 விழுக்காடு அந்நிகழ்வில் வெளிறும் அளவுக்கான வெப்பத்துக்கு ஆட்பட்டதாக 2025இல் அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் முன்பு சொன்ன எண்களுக்கு வர வேண்டும். வேகமாக வளரும் அக்ரோபோரா திட்டு ஒன்று மடிந்தபின் பழைய நிலைக்கு வர, எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஏறத்தாழ பத்தாண்டு வேண்டும். முதல் இரண்டு வெளிறல்களுக்கு இடைவெளி 12 ஆண்டு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 4. மூன்றாவது முடிந்து நான்காவது தொடங்க 6. போரைட்டிசு போன்ற மெதுவான இனத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடன் தவணை சம்பளத்துக்கு முன்பே வருவது போன்ற நிலை இது.

அப்படியானால் 2 கடல்மைல் கோட்டால் என்ன பயன் என்று கேட்கலாம். வெளிறலைக் கோடு தடுக்காது என்பது உண்மை. ஆனால் வெளிறலுக்குப் பின் என்ன நடக்கும் என்பதில் கோட்டுக்குப் பங்கு இருக்கிறது. மடிந்த பாறைமேல் பாசி படர்ந்துவிட்டால், நீரில் மிதந்து வரும் பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள வெற்றிடம் கிடைக்காது. பாசியை மேய்ந்து இடத்தைத் துடைத்து வைப்பது கிளிமீனும் கடல் முள்ளெலியும்தாம். கிளிமீன் வலையில் சிக்கிச் சந்தைக்குப் போயிருந்தால் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. நங்கூரம் உடைக்காத, மண் மூடாத, கால் மிதிக்காத பவளத்துக்குப் பட்டினியைத் தாங்கச் சற்றுக் கூடுதல் தெம்பும் இருக்கும்.

மலேசிய ‘ரீஃப் செக்’ அமைப்பினர் 2007ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஆண்டுதோறும் பவளப்பாறைகளை அளந்து வருகின்றனர். அவர்களின் முறை எளிமையானது: 100 மீட்டர் அளவுநாடாவைப் பாறைமேல் விரித்து, அரை மீட்டருக்கு ஒருமுறை நாடாவின் கீழ் இருப்பது உயிருள்ள பவளமா, இறந்ததா, மணலா, பாசியா என்று குறிப்பது, குறிப்பிட்ட சில மீன்களை எண்ணுவது. முக்குளிக்கத் தெரிந்த தொண்டூழியர்கள் பயிற்சி பெற்று இதில் சேரலாம். நம் பல்கலைக்கழகத்தில் முக்குளிப்புக் கழகம் இருக்கிறது. அதில் தமிழ் மாணவர்கள் மிகக் குறைவு. அடுத்த நீண்ட விடுமுறையில் முக்குளிப்பு உரிமத்துக்குப் பயிற்சி எடுக்க நானும் இரு நண்பர்களும் பெயர் கொடுத்திருக்கிறோம். நாலாவதாக ஓர் ஆள் சேர்ந்தால் படகு வாடகை குறையும். விருப்பமுள்ளோர் கழக அறையில் என்னைத் தேடி வரலாம்.